எடைக்குப் போன வாத்தும் ஏலத்துக்கு வந்த கரடியும்

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கடைகளிலெல்லாம் ஒரு சித்திரக்கதை இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. 1940 அக்டோபரில் தொடங்கிய ‘வால்ட் டிஸ்னி காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழ் அது. விலை 10 சென்ட். டொனால்ட் என்னும் வாத்தும் மிக்கி என்னும் எலியும் அதன் கதாநாயகர்கள். உச்சநிலையில் ஓர் இதழ் 30 லட்சம் பிரதிகள் வரை விற்றது. இருந்தும் அக்காலத்துப் பிரதி ஒன்று மடிப்பும் கிழிசலும் இல்லாமல் இன்று கிடைப்பது அரிது. கிடைத்தால் நல்ல விலை போகிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு செய்தியைப் பாருங்கள். 1993இல் அமெரிக்காவின் ‘டை’ நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் விலங்குப் பொம்மைகளை வெளியிட்டது. ‘பீனி பேபீஸ்’ என்று பெயர். ஒரு பொம்மை சுமார் 5 டாலர். மக்கள் இவற்றைப் போட்டி போட்டு வாங்கினார்கள். காதில் தொங்கும் அட்டைகூடக் கசங்காமல் பெட்டிகளில் பூட்டி வைத்தார்கள். பத்திரமாக வைக்கப்பட்ட இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்குக்கூடப் போவதில்லை.

படித்துக் கசக்கியதற்கு விலை ஏறுகிறது. போற்றிப் பாதுகாத்ததற்கு விலை இறங்குகிறது. இது என்ன விந்தை? இதற்கு விடை தேடினால், பொருளாதாரம் பாதி விடையையும் வேதியியல் மீதியையும் சொல்கின்றன.

இருபதாவது ஆள்

பழம்பொருளின் விலை மூன்று செய்திகளைப் பொறுத்தது. எத்தனை எஞ்சியுள்ளன? அவை எந்த நிலையில் உள்ளன? எத்தனை பேருக்கு அவை வேண்டும்?

அரிசியின் விலை ஏறினால் உழவர் அடுத்த போகத்தில் கூடுதலாகப் பயிரிடுவார். ஆனால் 1952இல் அச்சான இதழை இன்று யாரும் புதிதாக விளைவிக்க முடியாது. இருப்பு மாறாதது. ஆகவே விலையின் ஏற்ற இறக்கமெல்லாம் வேண்டுவோர் எண்ணிக்கையையே சார்ந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறிப்பிட்ட ஓர் இதழில் ஆண்டுக்கு 20 பிரதிகள் விற்பனைக்கு வருவதாகக் கொள்வோம். அதைத் தேடுவோர் 300 பேர். அவர்களை ஆர்வத்தின்படி வரிசையாக நிறுத்தினால், முதல் 20 பேருக்குத்தான் இதழ் கிடைக்கும். அந்த இருபதாவது ஆள் எவ்வளவு கொடுக்கத் துணிவாரோ, ஏறக்குறைய அதுவே சந்தை விலை. முந்நூறு பேரில் இருபதாவதாக நிற்பவர் தீவிர ஆர்வலராகத்தான் இருப்பார். தேடுவோர் 30 பேராகக் குறைந்தால், இருபதாம் இடத்தில் நிற்பவர் ‘கிடைத்தால் வாங்கலாம்’ என்னும் அளவு ஆர்வமுள்ளவர். தேடுவோர் 15 பேரானால் இருபதாவது ஆளே இல்லை. ஐந்து இதழ்கள் விற்காமல் தங்கிவிடும். இதழ் மாறவில்லை, கதை மாறவில்லை. வரிசை குறுகியது, விலை வீழ்ந்தது. அவ்வளவுதான்.

முப்பது லட்சம் எங்கே போயின?

வாங்கியவர்கள் குழந்தைகள். அவர்கள் படித்தார்கள், மடித்தார்கள், நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகப் பழைய காகிதம் திரட்டினார்கள்; 1940ஆம் ஆண்டுகளின் சித்திரக்கதை இதழ்கள் பல அப்படியே கூழாகிப்போயின. அம்மா வீட்டைத் துப்புரவு செய்த நாளில் போனவை எத்தனையோ!

தப்பிப் பிழைத்தவற்றுக்கும் ஒரு பகைவன் உண்டு. அவன் காகிதத்துக்குள்ளேயே இருக்கிறான்.

மலிவான செய்தித்தாள் காகிதம் மரத்தை இயந்திரத்தில் அரைத்துச் செய்யப்படுவது. மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸுடன், நார்களை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின் என்னும் பொருளும் அதில் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் லிக்னினைத் தாக்கும்போது மஞ்சளும் பழுப்புமான சேர்மங்கள் உண்டாகின்றன. காகிதம் மஞ்சளாவது இதனால்தான். இந்த மாற்றத்தில் அமிலங்களும் தோன்றுகின்றன. மை பரவாமலிருக்க அலுமினிய சல்பேட் சேர்த்துச் செய்த காகிதங்களில் அமிலத்தன்மை தொடக்கத்திலேயே உண்டு.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்த நீண்ட தொடர். ஈரத்தின் துணையோடு அமிலம் அந்தச் சங்கிலியை ஆங்காங்கே அறுக்கிறது. சங்கிலி குட்டையாகக் குட்டையாகக் காகிதம் வலுவிழக்கிறது. முடிவில் மடித்தாலே ஒடிந்துவிடும். சிதைவில் பிறக்கும் அமிலம் மேலும் சிதைவைத் தூண்டுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் வினை விரைவுபடும். நடுவில் குத்திய இரும்புப் பின் துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள காகிதத்தையும் அரிக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு செய்தித்தாள் துண்டின் பாதியைக் கனமான அட்டையால் மூடி, வெயில் படும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். அருகிலேயே நல்ல வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றையும் அதேபோல் வையுங்கள். பிறகு அட்டையை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எது விரைவில் நிறம் மாறியது? ஏன்?

பொம்மைக்கும் மூப்பு உண்டு

பொம்மைகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. ஜெர்மனியின் கீங்கன் நகரில் மார்கரெட்டே ஷ்டைஃப் என்னும் பெண்மணி நிறுவிய தொழிலகம் துணி விலங்குகளுக்குப் பெயர்பெற்றது. 1904 முதல் அதன் பொம்மைகள் காதில் உலோகப் பொத்தானுடன் வந்தன. போலியையும் அசலையும் பிரித்தறிய இன்றும் சேகரிப்போர் முதலில் பார்ப்பது அந்தக் காதைத்தான். இந்தக் கரடிகளின் ரோமம் மோஹேர் எனப்படும் ஆட்டு மயிரால் ஆனது. அது புரதப் பொருளாதலால் துணிப்பூச்சியின் புழுக்களுக்கு விருந்து.

1930ஆம் ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லுலாய்டு பொம்மைகள் ஏராளமாகச் சென்றன. மிக்கியும் டொனால்டும் அவற்றில் உண்டு. செல்லுலாய்டு என்பது செல்லுலோஸ் நைட்ரேட்டுடன் கற்பூரம் கலந்து செய்த தொடக்ககாலப் பிளாஸ்டிக். எளிதில் தீப்பற்றும். நாளடைவில் அது நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை வெளிவிட்டு, வெடிப்புற்று, பொடியாகிறது. அந்த வாயுக்கள் அருகிலுள்ள தகரப் பொம்மையையும் அரிக்கும். எனவே செல்லுலாய்டு பொம்மையை மூடிய பெட்டியில் மற்றவற்றோடு சேர்த்து வைப்பது கூடாது.

பிற்காலத்து வினைல் பொம்மைகளில் இன்னொரு சிக்கல். பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேற்பரப்புக்குக் கசிகிறது. பழைய பொம்மை கையில் பிசுபிசுப்பது இதனால்தான்.

வேண்டுவோர் யார்?

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம். பழைய வாத்துக் கதைக்குப் பணம் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் சிறு வயதில் அதைப் படித்தவரே. பத்து வயதில் பத்து சென்ட் கிடைப்பதே பெரும்பாடு. நாற்பது ஐம்பது வயதில் கையில் பணம் புழங்குகிறது. மனம் இழந்துபோன இதழைத் தேடுகிறது. 1970இல் அமெரிக்காவில் ஓவர்ஸ்ட்ரீட்டின் சித்திரக்கதை விலைக் கையேடு முதன்முதலாக வெளிவந்தபோது, போர்க்காலத்துக் குழந்தைகள் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

அலை ஏறியதுபோல் இறங்கவும் செய்யும். அன்றைய வாசகர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய சேகரிப்புகள் சந்தைக்கு வருகின்றன. அதே வேளையில் வாங்குவோர் வரிசை குறுகுகிறது. இருப்பு கூடி, தேவையும் குறைந்தால் விலைக்கு இரட்டை அடி விழுகிறது.

அதற்குள் அடுத்த அலை எழுகிறது. 1984இல் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லெய்ர்ட் என்னும் இரு இளைஞர்கள் நான்கு ஆமை வீரர்களைப் பற்றிய கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையைச் சொந்தமாக வெளியிட்டார்கள். முதல் பதிப்பு சுமார் 3,000 பிரதிகளே. 1987இல் அந்த ஆமைகள் தொலைக்காட்சிக்கு வந்தன, 1988இல் பொம்மைகளாயின. அன்று அவற்றோடு விளையாடிய குழந்தைகள் இன்று நாற்பதைக் கடந்தவர்கள். ஆமைகளுக்கு ஏன் விலை என்பது இப்போது விளங்கும்.

தேவை நாட்டுக்கு நாடும் மாறும். பின்லாந்தில் டொனால்டின் இதழ் 1951 முதல் வருகிறது. ஜெர்மனியில் வாத்துக் கதைகளை மொழிபெயர்த்த எரிகா ஃபுக்ஸ் அம்மையாரின் பெயரால் 2015இல் ஓர் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது.

நீர்க்குமிழியின் கதை

ஆமைக் கதையின் முதல் பதிப்புக்கு விலை ஏறியதும் என்ன நடந்தது? விலங்கு வீரர்களைக் கொண்ட போலிக் கதைகள் புற்றீசல்போல் கிளம்பின. வெள்ளெலி வீரர்கள்கூட வந்தார்கள். ‘நாளை விலை ஏறும்’ என்று எண்ணிக் கட்டுக் கட்டாக வாங்கினார்கள். எல்லாரும் பாதுகாத்து வைத்த பொருள் எப்படி அரிதாகும்? 1987வாக்கில் குமிழி உடைந்தது. சிறு பதிப்பாளர்களும் கடைக்காரர்களும் நொடித்தார்கள்.

பீனி பொம்மைகளின் கதையும் இதுவே. சில வகைகளின் உற்பத்தியை நிறுவனம் அவ்வப்போது நிறுத்தி, தட்டுப்பாட்டு உணர்வை ஊட்டியது. 1995இல் தோன்றிய ஈபே என்னும் இணைய ஏலக்கூடம், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த வாங்குவோரையும் விற்போரையும் ஒரே இடத்தில் கூட்டியது. தொடக்கத்தில் அதனால் விலை ஏறியது. பிறகோ எத்தனை பொம்மைகள் இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. 1999 ஆகஸ்டில் நிறுவனம், அவ்வாண்டு முடிவோடு பொம்மைகள் அனைத்தையும் நிறுத்தப்போவதாக அறிவித்தும் விலை நிலைக்கவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகப் பொம்மைகளை அடுக்கிவைத்த பெற்றோர் பலரிடம் எஞ்சியவை பொம்மைகளே.

ஒரே ஒரு ஏலத்தை வைத்து மதிப்பைக் கணிப்பதும் பிழை. 1994 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ‘டெடி கேர்ள்’ என்னும் ஷ்டைஃப் கரடி 1,10,000 பவுனுக்குப் போயிற்று. ஏலத்தில் கடைசிவரை விட்டுக்கொடுக்காத இருவர் இருந்தாலே விலை வானளாவும். அதைக் கண்டு உங்கள் வீட்டுக் கரடிக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று எண்ணலாகாது.

பெயரில்லா ஓவியர்

அப்படியானால் சேகரிப்பது வீண்வேலையா? அதற்கு விடையாக ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்த 10 சென்ட் இதழில் கதைகளுக்குக் கீழே ஓவியரின் பெயர் இராது. வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருக்கும். ஆனால் கூர்ந்து படித்த குழந்தைகள், சில கதைகள் மட்டும் மற்றவற்றைவிடச் சிறந்திருப்பதைக் கண்டுகொண்டார்கள். கோட்டின் போக்கையும் நகைச்சுவையையும் ஒப்பிட்டு, அவை ஒரே கையின் படைப்பு என்று முடிவு செய்தார்கள். பெயர் தெரியாததால் ‘நல்ல வாத்து ஓவியர்’ என்றே அழைத்தார்கள். 1960ஐ ஒட்டித்தான் அவர் பெயர் கார்ல் பார்க்ஸ் என்று தெரியவந்தது. 1947இல் ஸ்க்ரூஜ் மக்டக் என்னும் கஞ்ச வாத்தைப் படைத்தவர் அவரே. ஏறத்தாழ 500 கதைகள் எழுதி வரைந்தவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்றாரேயன்றி, லட்சக்கணக்கில் விற்ற இதழ்களில் அவருக்குப் பங்கு இல்லை.

அவர் கையால் வரைந்த மூலப் பக்கங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியவை அந்த மலிவுக் காகித இதழ்களே. அவற்றைப் பெட்டியில் வைத்துக் காத்தவர்கள் இருந்ததால்தான் ஓவியரை அடையாளம் காண முடிந்தது. 1983 முதல் அவருடைய கதைகள் தொகுதிகளாக அச்சேறின. 2000ஆம் ஆண்டில் 99 வயதில் அவர் மறைந்தபோது உலகம் அவர் பெயரை அறிந்திருந்தது.

ஆகவே சேகரிக்க விரும்பும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். இதழ்களை வெயில் படாத, ஈரமில்லாத, கூடியவரை குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையும், பின்னால் அமிலமற்ற அட்டையும் நல்லது. கிழிசலுக்குச் சல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும். துணிப் பொம்மைகளை அவ்வப்போது வெளியே எடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கான பணத்தை இதில் போடாதீர்கள்.

காகிதத்துக்குள் இருக்கும் அமிலத்துக்குச் சந்தை விலை தெரியாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். விலை ஏறிய காலத்தில் காப்பதற்குப் பலர் உண்டு. விலை வீழ்ந்து, பெட்டிகள் பழைய பேப்பர் கடைக்குப் போகும் காலத்தில்தான் இதழ்கள் ஒரேயடியாக மறைகின்றன. இன்னும் பெயர் தெரியாத ஓவியர்கள் எத்தனை பேரின் கோடுகள் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றனவோ! எடைக்குப் போடுமுன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.