ஆங்கில வகுப்பில் உரமூட்டை

நமது கிராம உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலப் பாடம் நடைபெறும் முறையை ஊர்ப் பெரியவர்கள் அறிவர். ஆசிரியர் கரும்பலகையில் விடை எழுதுவார். மாணவர் அதை ஏட்டில் எழுதி மனப்பாடம் செய்வர். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், தகப்பனார் வாங்கி வந்த பூச்சிமருந்தின் விளக்கத்தாளைப் படித்துச் சொல்லும்படி கேட்டால் அதே மாணவன் திகைத்து நிற்கிறான். பல ஆண்டுகள் பயின்ற மொழி வயல் வரப்பு வரையிலும் கூட வந்து சேரவில்லை.

இக்குறையை நீக்க விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. தென்னாட்டிலேயே இதற்கொரு பரிசோதனை நடந்துள்ளது. 1979 முதல் 1984 வரை, என். எஸ். பிரபு என்னும் கல்வியறிஞரின் முயற்சியால், பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகள் சிலவற்றில் ஒரு புதிய முறை கையாளப்பட்டது. இலக்கண விதிகளை வரிசையாகப் போதிப்பதை விடுத்து, யோசித்து விடை காணவேண்டிய ஒரு வேலையை மாணவருக்கு அளித்தனர். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவையே கருவிகள். முதலில் ஆசிரியர் ஒரு வேலையை ஆங்கிலத்திலேயே வினாவிடையாக வகுப்பு முழுவதோடும் செய்து காட்டுவார். பின்னர் அதைப் போன்ற மற்றொன்றை ஒவ்வொருவரும் தனித்துச் செய்ய வேண்டும். மனம் விடையில் ஈடுபட்டிருக்க, மொழி தானே வந்து பதியும் என்பது பிரபுவின் கருத்து. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது முடிக்கக்கூடிய அளவுக்கே அது கடினமாக இருக்கலாம் என்றும் அவர் வரையறுத்தார். இறுதியில் நடந்த மதிப்பீடு இம்முறைக்குப் பொதுவாகச் சாதகமாக இருந்தது. ஐயத்துக்கே இடமில்லை என்று கூறுவது மட்டும் மிகையாகும்.

நமது ஊரிலோ இதற்கேற்ற கருவி ஒவ்வொரு களத்திலும் கிடக்கிறது. இரண்டு காலி உரமூட்டைகளை வகுப்பறைச் சுவரில் தொங்கவிடலாம். யூரியா மூட்டையில் 45 கிலோ என்றும் நைட்ரஜன் 46 சதவீதம் என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். டி.ஏ.பி. மூட்டையில் 50 கிலோ. நைட்ரஜன் 18 சதவீதம். அதிலும் ஓரிடத்தில் 46 என்ற எண் உண்டு. அது மணிச்சத்தைக் குறிப்பது. எந்த மூட்டையில் தழைச்சத்து அதிகம், எவ்வளவு அதிகம் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் வினவ வேண்டும். எண்ணை மட்டும் பார்ப்பவன் இரண்டும் ஒன்றே என்பான். எண்ணுக்கு அருகிலுள்ள சொல்லைப் படித்தவனே யூரியாவில் 20.7 கிலோ, டி.ஏ.பி.யில் 9 கிலோ என்று கணக்கிடுவான். விடையை ஓர் ஆங்கில வாக்கியமாக எழுதச் செய்தால் பாடம் நிறைவுறும். உழவர் வீட்டுப் பிள்ளை இவ்வேலையில் முந்திக்கொள்வதில் வியப்பில்லை!

விதைப் பொட்டலத்தின் சீட்டும் இவ்வாறே பயன்படும். முளைப்புத் திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை விதைக்கலாம் என்பவற்றை அதில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

இவற்றால் தேர்வில் மதிப்பெண் வருமா என்று பெற்றோர் வினவுவது நியாயமே. பாடப்புத்தகத்தை ஒதுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை இதற்குப் போதும். தானே படித்துப் பொருள் காணும் பழக்கம் ஏற்பட்டபின், முன்பின் பாராத வினாவைக் கண்டு மாணவன் அஞ்சமாட்டான்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் பங்குண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்றோர் தலைமை ஆசிரியரைக் கலந்து, ஆங்கில ஆசிரியருக்கு வேண்டியவற்றைச் சேகரித்துத் தரலாம். பேருந்து நேர அட்டவணை, வங்கியில் பணம் கட்டும் படிவம், உதறிச் சுத்தம் செய்த உரமூட்டை ஆகியவை பெரும்பாலும் செலவின்றிக் கிடைப்பவை. பூச்சிமருந்தைப் பொறுத்தவரை விளக்கத்தாள் மட்டும் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் நஞ்சின் கடுமை எவ்வாறு குறைந்து செல்கிறது என்பதை அதைக் கொண்டே கற்பிக்கலாம். காலிப் புட்டியை, கழுவியதே ஆயினும், பள்ளிக்குள் கொண்டுவரலாகாது.