31 புள்ளி, 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட்... ஆனாலும் முதல் சுற்றிலேயே அவுட்! என்பிஏ வீரரின் மதிப்பை எண்கள் சரியாகச் சொல்கின்றனவா?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக், 2016-17 சீசன். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் எடுத்தார். இப்படி மூன்று பிரிவுகளில் இரட்டை இலக்கத்தைத் தொட்டால் அதற்குப் பெயர் 'ட்ரிபிள் டபுள்'. அந்த சீசனில் மட்டும் 42 ஆட்டங்களில் அதைச் செய்து காட்டினார். 1961-62ல் ஆஸ்கர் ராபர்ட்சன் படைத்த 41 என்ற சாதனை உடைந்தது. சீசனின் மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருதும் அவருக்கே கிடைத்தது.

ஆனால் அவரது அணி? 82 ஆட்டங்களில் 47 வெற்றி. பிளே ஆஃப் முதல் சுற்றிலேயே ஹூஸ்டன் ராக்கெட்ஸிடம் 4-1 என்று தோற்று வீட்டுக்குக் கிளம்பியது.

இவ்வளவு எடுத்த ஒருவர் இருந்தும் அணி ஏன் ஜெயிக்கவில்லை? எண்கள் பொய் சொன்னதா, இல்லை பார்க்க வேண்டிய எண்ணைப் பார்க்காமல் விட்டார்களா? இது ரசிகர்களின் டீக்கடை சண்டை மட்டும் கிடையாது. என்பிஏவில் விருதை வைத்தே ஒரு வீரரின் ஒப்பந்தத் தொகை உயரும் விதி இருக்கிறது. ஃபேண்டஸி லீக் ஆடுபவர்களோ இந்த எண்களை நம்பித்தான் அணியே எடுக்கிறார்கள்.

ஸ்கோர் ஷீட்டில் என்னதான் இருக்கு?

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி எழுதப்படும். எடுத்த புள்ளி, கூடைக்குள் போகாமல் திரும்பிய பந்தைப் பிடித்த ரீபவுண்ட், சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸான அசிஸ்ட், எதிராளியிடம் பந்தைப் பறித்த ஸ்டீல், ஷாட்டைத் தடுத்த பிளாக், பந்தைப் பறிகொடுத்த டர்ன்ஓவர். இவைதான் அடிப்படை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணியது மட்டும்தான் ஏட்டில் இருக்கும்.

1961-62 சீசனையே எடுத்துக்கொள்வோம். வில்ட் சேம்பர்லைன் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்த சீசன் அது. ராபர்ட்சன் சராசரியில் ட்ரிபிள் டபுள் வைத்ததும் அதே சீசனில்தான். ஆனால் எம்விபி விருது, சராசரியாக 18.9 புள்ளி எடுத்த பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் பில் ரஸ்ஸலுக்குப் போனது. அப்போது விருதுக்கு வாக்களித்தவர்கள் சக வீரர்கள். ரஸ்ஸலின் பெரிய ஆயுதம் எதிரணியின் ஷாட்டைத் தடுப்பது. ஆனால் என்பிஏ பிளாக்கையும் ஸ்டீலையும் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74ல்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969ல். அவர் எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்பதற்கு லீக்கின் ஏட்டில் கணக்கே கிடையாது. எதிரில் நின்று ஆடியவர்களுக்குத்தான் அது தெரிந்திருந்தது. அந்த சீசனில் கோப்பையும் செல்டிக்ஸுக்கே.

31 புள்ளி சரி... எத்தனை ஷாட்டில்?

கிரிக்கெட்டில் 50 ரன் என்றால் அடுத்த கேள்வி "எத்தனை பாலில்?" என்பதுதான். கூடைப்பந்திலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அந்த ஹூஸ்டன் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் வெஸ்ட்புரூக் 51 புள்ளி குவித்தார், கூடவே ட்ரிபிள் டபுளும். செய்தியின் தலைப்புக்கு அது போதும். ஆனால் அதற்காக அவர் அடித்த ஷாட்கள் 43. உள்ளே போனவை 17. கடைசி கால் பகுதியில் மட்டும் 18 ஷாட் அடித்து 4 போட்டார். தண்டர் 115-111 என்று தோற்றது. தவறிய ஒவ்வொரு ஷாட்டும், வேறொரு வீரர் அடித்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு.

சரி, ஷாட் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. ஒரு சின்ன கணக்கு: 'அ' என்ற வீரர் 10 முறை இரண்டு புள்ளி ஷாட் அடித்து 5 போடுகிறார். 'ஆ' என்பவர் 10 முறை மூன்று புள்ளி ஷாட் அடித்து 4 போடுகிறார். சதவீதத்தில் 'அ' 50, 'ஆ' 40. ஆனால் புள்ளியில் 'அ' 10, 'ஆ' 12! இந்தக் குறையைச் சரிசெய்ய, உள்ளே போன ஒவ்வொரு மூன்று புள்ளி ஷாட்டையும் ஒன்றரை ஷாட்டாக எண்ணுகிறார்கள். அப்போது 'ஆ'வின் சதவீதம் 60 ஆகிவிடும். இதன் பெயர் எஃபெக்டிவ் ஃபீல்டு கோல் சதவீதம். ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது ட்ரூ ஷூட்டிங் சதவீதம்.

மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80ல். அந்த சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று முறைகூட அங்கிருந்து முயற்சி செய்யவில்லை. இப்போது அது 35ஐத் தாண்டிவிட்டது. காரணம் இந்தச் சின்ன கணக்குதான்.

அவர் இறங்கினா அணி ஜெயிக்குதா?

அடுத்தது 'பிளஸ்-மைனஸ்'. சிம்பிளாகச் சொன்னால், ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவரது அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தது, அல்லது குறைவாக எடுத்தது என்ற கணக்கு.

இங்கேதான் வெஸ்ட்புரூக் கதையில் ஒரு திருப்பம். ஹூஸ்டனுக்கு எதிரான ஐந்தாவது, கடைசி ஆட்டத்தில் தண்டர் 105-99 என்று தோற்றது. ஆனால் வெஸ்ட்புரூக் ஆடிய சுமார் 42 நிமிடங்களில் அணி 12 புள்ளி முன்னிலையில் இருந்தது! அவர் பெஞ்சில் உட்கார்ந்த ஆறு நிமிடங்களில் மட்டும் 18 புள்ளியைக் கோட்டை விட்டார்கள். "இவர் ஓவரா ஷாட் அடிக்கிறார்" என்று சொன்ன அதே எண்கள், "இவர் இல்லாவிட்டால் இந்த அணியே இல்லை" என்றும் சொல்கின்றன. இரண்டுமே உண்மை.

இதன் மறுபக்கம் ஷேன் பேட்டியர். ஹூஸ்டன் அணிக்கு ஆடிய இவர் 2008-09ல் சராசரியாக 7 புள்ளிதான் எடுத்தார். ஆனால் இவர் களத்தில் இருக்கும்போது அணி நன்றாக ஆடுகிறது என்பதை அணி நிர்வாகத்தின் ஆய்வுகள் காட்டின. கோபி பிரையன்ட் போன்ற நட்சத்திரங்கள் எந்த இடத்திலிருந்து அடித்தால் அதிகம் தவறவிடுவார்கள் என்பதைப் படித்துவிட்டு வந்து, அந்த இடத்துக்கே அவர்களைத் தள்ளிக்கொண்டு போவதுதான் இவரது வேலை. எதிராளி தவறவிட்ட ஷாட் இவர் பெயரில் ஏறாது. எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகு பேட்டியரின் பெயர் இந்த விவாதத்தின் நிரந்தர உதாரணமாகிவிட்டது.

பிளஸ்-மைனஸிலும் ஓட்டை உண்டு. நல்ல வீரர்களோடு சேர்ந்து இறங்கினால் சாதாரண வீரருக்கும் பிளஸ் வரும். ஓர் ஆட்டத்தின் எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. அதனால்தான் கூட ஆடியவர் யார், எதிரே ஆடியவர் யார் என்பதையும் சேர்த்துத் திருத்திய கணக்குகளை அணிகள் பயன்படுத்துகின்றன.

ஃபேண்டஸியில் கணக்கே வேற!

ஃபேண்டஸி லீக்கில் நிஜ வீரர்களை வைத்து ஒரு கற்பனை அணி உருவாக்குவார்கள். அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் எண்கள்தான் கற்பனை அணிக்கு மதிப்பெண். பரவலான ஒரு முறையில் ஒன்பது பிரிவுகள் உண்டு: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், மூன்று புள்ளி ஷாட், ஷாட் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், டர்ன்ஓவர். வாரக் கடைசியில் எத்தனை பிரிவுகளில் முந்துகிறார்கள் என்பதுதான் முடிவு.

இந்த முறையில் பேட்டியருக்குப் பெரிய விலை கிடைக்காது. எதிராளியைத் தடுமாற வைப்பதற்கு இங்கே தனிப் பிரிவு இல்லை.

2016 ஜனவரி 20 அன்று நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் ஆண்ட்ரே ட்ரம்மண்ட் ஃப்ரீ த்ரோவில் பலவீனமானவர் என்பதால் ஹூஸ்டன் வீரர்கள் வேண்டுமென்றே அவர் மீது ஃபவுல் செய்துகொண்டே இருந்தார்கள். 36 ஃப்ரீ த்ரோ கிடைத்தது, 23 தவறியது. ஒரே ஆட்டத்தில் இத்தனை தவறவிட்டது என்பிஏ சாதனை. ஆனால் ஆட்டத்தை ஜெயித்தது டெட்ராய்ட், 123-114. நிஜ அணிக்கு வெற்றி. அவரை ஃபேண்டஸி அணியில் வைத்திருந்தவருக்கோ அந்த வாரம் ஃப்ரீ த்ரோ பிரிவே காலி!

எப்படி? மற்ற வீரர்கள் சேர்ந்து ஒரு வாரத்தில் 100 ஃப்ரீ த்ரோவில் 80 போட்டதாக வைப்போம். ஒரே ஒருவர் 25ல் 9 மட்டும் போட்டால், மொத்தம் 125ல் 89. அதாவது 80 சதவீதம் 71க்கு இறங்கிவிடும். சதவீதம் குறைவு என்பதோடு, எத்தனை முறை வீசுகிறார் என்பதும் சேர்ந்துதான் இடிக்கும். அதனால் அனுபவசாலிகள் ஃப்ரீ த்ரோ பிரிவை முதலிலேயே கைகழுவிவிட்டு, மற்ற எட்டில் ஜெயிக்கும்படி அணி எடுப்பதும் உண்டு. அந்த அணியில் ட்ரம்மண்ட் போன்றவர் பொக்கிஷம். அடுத்தவரின் அணியில் அதே ஆள் பாரம்.

ஆடினால்தானே எண்!

சராசரி மறைக்கும் இன்னொரு விஷயம், வீரர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பது. சராசரி 28 புள்ளி எடுப்பவர் 82ல் 50 ஆட்டம்தான் ஆடுகிறார் என்றால், மீதி 32 ஆட்டங்களில் அவரிடமிருந்து கிடைப்பது பூஜ்யம். 2023-24 முதல் எம்விபி போன்ற முக்கிய விருதுகளுக்குப் பொதுவாக குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று என்பிஏ விதி கொண்டுவந்துவிட்டது.

ஒரே ட்ரிபிள் டபுள், ரெண்டு கதை

2024-25 சீசனில் டென்வர் நகெட்ஸின் நிகோலா யோகிச்சும் சராசரியில் ட்ரிபிள் டபுள் வைத்தார்: 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். மேலோட்டமாகப் பார்த்தால் வெஸ்ட்புரூக்கின் 2016-17 சீசன் போலவே தெரியும். ஆனால் அன்று வெஸ்ட்புரூக்கின் ஷாட் சதவீதம் 42.5, டர்ன்ஓவர் ஆட்டத்துக்கு 5.4. யோகிச்சுக்கு 57.6 சதவீதம், டர்ன்ஓவர் 3.3. 2014 டிராஃப்டில் 41வது ஆளாக எடுக்கப்பட்ட யோகிச் மூன்று எம்விபி விருதுகளை வாங்கியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

ஆனாலும் அந்த சீசனின் எம்விபி அவர் இல்லை. 68 வெற்றி பெற்ற தண்டர் அணியின் ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டருக்கு விருது போனது. 2017ல் 47 வெற்றி பெற்ற அணியின் ட்ரிபிள் டபுளுக்குக் கிடைத்த விருது, 2025ல் அதைவிடச் சிக்கனமான ட்ரிபிள் டபுளுக்குக் கிடைக்கவில்லை.

அப்போ எதைப் பார்க்கணும்?

ஒரு வீரரின் எண் கண்ணில் பட்டால் நான்கு கேள்விகள் போதும்:

• எத்தனை ஷாட்டில் எடுத்தார்?
• அவர் களத்தில் இருந்தபோது அணி முந்தியதா, பிந்தியதா?
• எத்தனை ஆட்டம் ஆடினார்?
• இந்த எண் யாருக்காக? நிஜ அணியின் வெற்றிக்கா, ஃபேண்டஸி பட்டியலுக்கா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஃபேண்டஸி அணி எடுப்பவர் ட்ரம்மண்டின் ஃப்ரீ த்ரோவைப் பார்த்துப் பயப்படுவது நியாயம். ஆனால் அதே பட்டியலைக் காட்டி "பேட்டியர் எல்லாம் ஒரு பிளேயரா?" என்று கேட்டால், அது தராசில் துணியின் நீளத்தை அளப்பது மாதிரி. தராசில் தப்பில்லை. அது அளப்பது எடையை மட்டும்தான்.