தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்...

நம்மில் பலருடைய முதல் மனு 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றுதான் ஆரம்பித்திருக்கும். காய்ச்சல் இருந்ததோ இல்லையோ, 'கைண்ட்லி'யும் 'ஒபீடியன்ட்லி'யும் கட்டாயம் இருந்தன. அன்று வளைந்த முதுகு வேலைக்குப் போன பிறகும் நிமிரவில்லை. ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டுமா, தெருவிளக்கு எரிய வேண்டுமா, எதுவானாலும் 'தாழ்மையுடன்', 'கருணை கூர்ந்து'... மனு என்றாலே கெஞ்சல் என்று ஊறிப்போய்விட்டது.

வார்த்தையைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள் சார், சங்கதியே வேறு!

'விண்ணப்பம்', 'விஞ்ஞாபனம்' என்ற வடசொல்லின் வழியில் பிராகிருதத்தில் தேய்ந்து நம்மிடம் வந்தது. அர்த்தம், தெரியப்படுத்துதல். தாத்தாக்கள் போட்ட 'அர்ஜி' அரபியிலிருந்து வந்தது; எடுத்து முன்னால் வைப்பது என்று பொருள். 'பிராது' மட்டும்தான் பிறப்பிலேயே அலறல். அது பாரசீக 'ஃபரியாத்'. ஆக, வாசலில் நின்று கத்தினால் பிராது. அதையே எழுதிக் கையில் கொடுத்தால் விண்ணப்பம்.

மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணியை அடித்தது ஒரு பசு. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டாமலே நியாயம் வாங்கிய மனுதாரர்! அது கதை. கல்வெட்டில் தெரிகிற சோழர் ஆபீஸோ நமக்கு ரொம்பப் பரிச்சயமானது. ஒருவர் விண்ணப்பம் செய்வார். ராஜா வாயால் உத்தரவிடுவார்; அதற்குப் பெயர் 'திருவாய்க் கேள்வி'. 'திருமந்திர ஓலை' என்ற அதிகாரி அதை எழுதுவார். 'ஓலைநாயகம்' என்ற மேலதிகாரி சரிபார்த்து ஒப்புவார். நிலவரி விஷயமென்றால் 'புரவுவரித் திணைக்களம்' போய் வரிக் கணக்கில் ஏறும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஃபைல் இத்தனை மேஜை நகர்ந்திருக்கிறது! ஆனால் விண்ணப்பித்தவர், எழுதியவர், ஒப்பியவர் என்று பல கல்வெட்டுகளில் பெயரோடு வெட்டி வைத்துவிட்டார்கள். பிற்பாடு ஒருவரும் 'எனக்குத் தெரியாதே' என்று நழுவ முடியாது.

மனுவின் பலமே அதுதான்.

கம்பெனி ஆட்சியில், வரி கட்ட முடியாத விவசாயியின் விரல்களைக் 'கிட்டி'யில் வைத்து நெரித்தார்கள். 'அண்ணாந்தாள்' என்று, குனிய வைத்துக் கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். 1852-ல் சென்னையில் காஜுல லட்சுமிநரசு செட்டி தொடங்கிய 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்', லண்டன் பார்லிமென்டுக்கே மனு அனுப்பியது. அங்கே கேள்வி கிளம்பியது. 1854-ல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். வரி வசூலுக்காகச் சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று 1855-ல் அறிக்கை வந்தது. பழியைக் கீழ்மட்ட ஊழியர் தலையில் இறக்கியது வேறு விஷயம்! ஆனாலும் அதற்குப் பிறகு 'தெரியாது' என்ற பேச்சு செல்லுபடியாகவில்லை.

இந்த ரகசியம் வரலாற்று ஆசிரியர்களைவிட மரத்தடி மனு எழுத்தர்களுக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், ஒரு கலெக்டர் ஆபீஸ் வாசலில் அப்படி ஒரு பெரியவரைக் கவனித்தேன். கைக்குழந்தையோடு வந்த பெண்மணி விதவை பென்ஷனுக்காக அழுதுகொண்டே பேச, அவர் பேனாவை மூடாமல் கேட்டார்:

"வீட்டுக்காரர் தவறின தேதி சொல்லும்மா. முன்னாடி மனு கொடுத்தியா?"

"ரெண்டு தடவை கொடுத்தேங்கய்யா. வரவே இல்லைங்கிறாங்க."

"ரசீது?"

அந்தம்மா உதட்டைப் பிதுக்கினார். பெரியவர் எட்டே வரியில் எழுதி முடித்தார். பெயர், தேதி, என்ன வேண்டும், எந்தத் திட்டத்தில்... அவ்வளவுதான். தாளை நீட்டும்போது, "நம்பர் போட்டு ரசீது தர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதே தாயி" என்றார்.

நமக்கும் அதேதான். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையா? 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, 'இன்ன தேதியில் கொடுத்த இன்ன நம்பர் மனு மீது என்ன நடவடிக்கை? யாரிடம் இருக்கிறது?' என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, 'தாழ்மையுடன்' என்று எழுதலாமா, கூடாதா? தாராளமாக எழுதுங்கள், காசா பணமா! ரசீதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.