தூத்துக்குடியின் பழைய துறைமுகம்

தாமிரபரணியின் முகத்துவாரத்தில் முத்து வணிகத்தால் செழித்த கொற்கை, ஆறு கொண்டுவந்த வண்டலால் தூர்ந்து கடலை விட்டு விலகிப்போனது. அடுத்துத் தலையெடுத்த காயலுக்கும் அதே கதி நேர்ந்தது. அவற்றுக்கு வடக்கே இருந்த தூத்துக்குடி அந்த வணிகத்துக்கு வாரிசானது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கே காலூன்றினர். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசம் நிலைத்தது.

இங்கே கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில கிலோமீட்டர் தள்ளியே நங்கூரமிட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கேற்றிச் சென்றவை தோணிகள். 1876இல் ரயில் பாதை வந்ததும் பஞ்சுப் பொதிகள் குவிந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களும் இவ்வழியே கப்பலேறினர். இந்தக் கொழும்புப் பாதையில் ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகவே வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் அவர் சிறைப்பட்டபின் கம்பெனி நொடித்துப்போனது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியதும், சென்னையிலிருந்து ரயிலில் வந்து கொழும்புக்குக் கப்பலேறுவோரின் வழி அந்தப் பக்கம் மாறியது.

கப்பல்களைக் கரைக்கே வரவழைக்க, தெற்கே கடலுக்குள் ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. அவற்றுக்கு நடுவே அமைந்த புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் பழைய துறைமுகமும் அதே நிர்வாகத்தின்கீழ் வந்தது. 2011இல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது.

கப்பல்கள் நேரே கரையணைந்ததும் அவற்றுக்குச் சரக்கு சுமந்த தோணிகளின் பழைய வேலை போனது. ஆனால் தோணித் தொழில் அழியவில்லை. காய்கறி, வெங்காயம், சிமென்ட், செங்கல், ஜல்லி எனச் சிறு சரக்குகளை மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் கொண்டுசெல்லும் கடலோடித் தொழிலாக அது நிலைத்தது. பாய்மரத்தோடு எஞ்சினும் சேர்ந்தது. தோணியை நடத்துபவர் தண்டல். காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துப் பழகியவர். தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாகும் மாதங்களில் ஓட்டம் நின்று பழுதுபார்ப்பு நடக்கும். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கிக் கசிவை அடைப்பார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். ஒரு திரி தளர்ந்தாலும் நடுக்கடலில் நீர் உள்ளே புகும் என்பதால் தேர்ந்த கைகளிடமே இது ஒப்படைக்கப்படும்.

பரதவர் சமூகத்தின் உழைப்பில் வளர்ந்த இத்தொழிலைப் பின்புலமாகக் கொண்டது, சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல். பெரிய கப்பல்கள் நாடாத சிறு சரக்குக்கும், ஆழமற்ற துறைகளுக்கும் தோணியே ஏற்ற கலம். அந்தத் தேவைதான் பழைய துறைமுகத்தை இன்றும் இயங்க வைத்திருக்கிறது.