ட்ரங்குப் பெட்டியில் தூங்கும் கடிதம்

போன மாதம் ஆபீஸ் கிச்சனில் காபிக்காக நின்றிருந்தபோது, என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒருவர் போகிறபோக்கில் ஒரு விஷயம் சொன்னார். முதுகெலும்புப் பிரச்னைக்காக, தன் உடல் பாதிப்பின் அளவை நிர்ணயிக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தாராம். 50 வரும் என்று நினைத்தவருக்கு 30 என்று கடிதம் வந்திருக்கிறது. "அதனால என்ன? நேத்தே ஆட்சேபம் எழுதிப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

எனக்கு உடனே வேலூர் பக்கம் இருக்கும் என் தாய்மாமா ஞாபகம் வந்துவிட்டது.

மாமா பீரங்கிப் படையில் 17 வருஷம் இருந்து, 2008ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் சேரும்போது காது நன்றாகக் கேட்டது. வெளியே வரும்போது பாதி கேட்கவில்லை. நான் ஆஹெனிலிருந்து வீடியோ கால் போட்டால், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை அவர் காதில் திரும்பக் கத்திச் சொல்லுவாங்க. ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு அவருக்கு 20 சதவீதம் பாதிப்பு என்று எழுதியது. அதோடு, அது ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்றும் எழுதிவிட்டது. டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று அதன் கடைசிப் பத்தியில் இருந்தது. கடிதம் அப்படியே ட்ரங்குப் பெட்டிக்குள் போனது.

"ஏன் மாமா அப்பீல் பண்ணலை?" என்று கேட்டேன்.

"டாக்டரே ஆபீஸர்ப்பா. அவர் கையெழுத்து போட்ட பிறகு நான் இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அவருக்கு அது கடிதம் இல்லை, ஆர்டர். 17 வருஷம் ஆர்டருக்குக் கட்டுப்பட்டவருக்கு, அப்பீல் என்றாலே கீழ்ப்படியாமை மாதிரி தோன்றுகிறது.

ஜெர்மனியில் உடல் பாதிப்பை 20 முதல் 100 வரை பத்துப் பத்தாக அளக்கிறார்கள். 50ஐத் தொட்டால் கூடுதல் விடுமுறையும் வேலைநீக்கத்துக்கு எதிரான சிறப்புப் பாதுகாப்பும் உண்டு. இந்த அளவுகோலின் வேர் முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களை மதிப்பிட்டதில் இருக்கிறது. முடிவு பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். அந்த உரிமையைக் கடிதத்தில் சொல்லாமல் விட்டால், கெடு ஒரு வருஷமாக நீளும். அதற்கும் மேலே சமூக நீதிமன்றம் இருக்கிறது. இப்படி வழக்குப் போடுபவரிடம் அங்கே கோர்ட் கட்டணம் வாங்குவதில்லை. எங்கள் ஊர் அடால்பர்ட்ஸ்டைன்வேக் சாலையிலேயே ஒன்று இருக்கிறது. இங்கே முதல் கடிதம் பேச்சுவார்த்தையின் ஆரம்பம் மாதிரிதான்.

இந்தியாவில் அப்படி எதுவும் இல்லையா? இருக்கிறது. அது நம் வீடுகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் பிரச்னை.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985ல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். சுமார் ஒன்பது வருஷத்தில் வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டார். பாதிப்பு 20 சதவீதம்; பணிக்குச் சம்பந்தம் இல்லை, பென்ஷனும் இல்லை. அவர் விடவில்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நோய்க்குப் பணி காரணம் இல்லை என்பதைச் சிப்பாய் அல்ல, அரசுதான் நிரூபிக்க வேண்டும். மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே.

அடுத்தது ராம் அவதார் வழக்கு, 2014 டிசம்பர். 50க்குக் குறைவான பாதிப்பை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் சலுகை, நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே தரப்பட்டு வந்தது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. 100 சதவீதப் பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது விதி. 50,000 ரூபாய் சம்பளத்தில் போனவருக்கு 20 சதவீதப் பாதிப்பு என்றால் மாதம் 3,000; உயர்த்திக் கணக்கிட்டால் 7,500. அகவிலைப்படி தனி. ஊரில் அது ஒரு மாத மருந்துச் செலவு.

எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று சொல்லமாட்டேன். 2009ல் ஏ.வி. தாமோதரன் வழக்கில் மெடிக்கல் போர்டின் கருத்துக்கே முதலிடம் என்று உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள், அதற்குப் பிறகு பணியை விட்டவர்களுக்குப் பாதையை இன்னும் இறுக்கியிருக்கின்றன. ஆனால் மாமாவைப் போல முன்பே வந்தவர்களுக்குப் பழைய விதிகள்தான்.

"ஆறு மாசம் எப்பவோ போச்சேப்பா" என்றார் மாமா. இதற்கும் பதில் இருக்கிறது. 1983ல் வெளியே வந்து 1999ல்தான் கோர்ட்டுக்குப் போன தர்சேம் சிங்கின் வழக்கில், 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பென்ஷன் மறுப்பது மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் தாமதத்தை மட்டும் காட்டித் துரத்த முடியாது. ஆனால் நிலுவைத் தொகை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான். அதாவது, கதவு திறந்துதான் இருக்கிறது. நாம் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் போய்ப் பிச்சை கேட்கணுமா?" என்றார். பிச்சை இல்லை மாமா, உங்கள் காதுக்கான கணக்கு என்றேன். அத்தை அதையும் கத்திச் சொன்னாங்க.

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு முன்னாள் ராணுவவீரர் சொந்தம் இருப்பார். மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலில் அவருடைய டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மெடிக்கல் போர்டு அறிக்கை, மறுப்புக் கடிதம், நான்கையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். துறைக்குள் அப்பீல், அதிலும் இல்லையென்றால் ஆயுதப்படை தீர்ப்பாயம். அதற்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. டெல்லிக்கு ஓட வேண்டாம். ஆங்கிலத்தில் இருக்கும் அந்த நான்கு தாள்களைப் பொறுமையாகப் படித்துச் சொல்ல ஓர் ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். நாள் முழுக்க யார் யாருடைய டிக்கெட்டுகளையோ படித்துத் தீர்த்துவைக்கிற நமக்கு அது பெரிய வேலையா?

மாமா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று அத்தை வாட்ஸ்அப்பில் நான்கு போட்டோ அனுப்பியிருந்தாங்க. மூன்றாவது தாள் மங்கலாக இருக்கிறது; வெயிலில் வைத்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.