ஸ்போரனும் சுருக்குப்பையும்: ‘ஏன்’ என்று விளக்கி எழுதுவோம்



கருத்து விளக்கக் கட்டுரையில் நம்ம பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “இது தோலால் செய்யப்படுகிறது” என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எந்தத் தோல்? ஏன் தோல்? அந்த ‘ஏன்’ வராதவரை அது வெறும் பட்டியல்தான். இரண்டு இடுப்புப் பைகளை வைத்து இதைப் பார்ப்போமா?

பத்து காஜா பக்கத்தில் உள்ள கெல்லி கோட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றுபோனது. அங்கே உழைத்தவர்களில் தமிழர்களும் உண்டு. ஸ்காட்லாந்து ஆண்களின் மரபுடையான கில்ட்டில் பை கிடையாது. அதனால் இடுப்பின் முன்பக்கம் ‘ஸ்போரன்’ என்ற பையைத் தொங்கவிடுவார்கள். கேலிக் மொழியில் அச்சொல்லுக்குப் பணப்பை என்றே பொருள். நம்ம பாட்டிமார் சேலையிலும் பை இல்லை. அவர்கள் இடுப்பில் சுருக்குப்பையைச் செருகிக்கொண்டார்கள். தேவை ஒன்றுதான், மூலப்பொருள்தான் வேறு.

அன்றாட ஸ்போரனுக்குத் தடித்த மாட்டுத்தோல் ஏற்றது. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல் விறைப்பாக நிற்கும். அதில் பூவேலையும் அழுத்தலாம். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் தோல் பதப்படுத்துவதும் இந்த முறைதான். குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல் மென்மையானது. வடிவம் நிற்காமல் துவளும். தைப்பதற்கு மெழுகு பூசிய லினன் நூல் நல்லது. அது துளையில் இறுகி நிற்கும். விருந்துக்குரிய ஸ்போரனில் ரோமத்தோலும் உலோக வாய்ப்பட்டையும் இருக்கும். முன்பு அதற்குக் கடல்நாய்த் தோலை அதிகம் விரும்பினார்கள். சட்டக் கட்டுப்பாடுகள் வந்தபின் மாடு, முயல் போன்றவற்றின் தோலையும் பயன்படுத்துகிறார்கள்.

சுருக்குப்பைக்கு வேண்டியது பருத்தித் துணி. வெற்றிலை புழுங்காது, வியர்வையை உறிஞ்சும், துவைத்துக் காயப்போடலாம். பேராக்கின் ஈரக்காற்றில் தோல் என்றால் சீக்கிரம் பூஞ்சணம் பிடித்துவிடும். ரொம்பத் தடித்த துணியும் வேண்டாம், வாய் சுருங்காது. கயிறும் முறுக்கிய பருத்தியாக இருக்கட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை வகுப்பில் பளபளக்கும் சாட்டின் துணியிலும் நைலான் கயிற்றிலும் சுருக்குப்பை தைக்கச் சொன்னேன். பார்க்க அழகுதான். ஆனால் கயிறு வழுக்கி வாய் திறந்துகொண்டது. ஒரு மாணவியின் பஸ் காசு வழியிலேயே கொட்டிப்போச்சு. தப்பு என்னுடையது. பால்மரம் வெட்டிய என் பாட்டியின் சுருக்குப்பை வீட்டிலேயே இருந்தது; அதை ஒருதரம் தொட்டுப் பார்த்திருந்தாலே போதும்.

எனவே மாணவர்களே, பயன், பண்பு, பொருள் என்ற மூன்று படிகளை மறக்காதீர்கள். “காசு சிந்தாமல் இருக்க வாய் இறுக வேண்டும் (பயன்). வழுக்காத கயிறே இறுகி நிற்கும் (பண்பு). ஆகவே முறுக்கிய பருத்திக் கயிறே ஏற்றது (பொருள்).” இப்படி எழுதினால் ‘ஏன்’ தானாக வந்துவிடும்.

பயிற்சி: முறம், அம்மி, பால்வாளி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு பத்தி எழுதுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள். தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. இந்த ‘ஏன்’களுக்கு விடை தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், இப்போதே கேட்டு எழுதி வைப்போம்.