டிப்ளமா படம் – 7: ஒன்றரை வருடம் திறந்த கதவு

போன வாரம், அமெரிக்கக் கடற்படையின் கலர் ஃபிலிமில் ஜார்ஜ் லூகாஸ் தன் 15 நிமிடப் படத்தை எடுத்துக்கொண்ட கதையோடு நிறுத்தியிருந்தேன். நினைவிருப்பவர்கள் மேலே வாருங்கள். மற்றவர்கள் வீட்டில் பழைய இதழ் கிடக்கிறதா என்று பரணில் பாருங்கள்.

இந்த வாரம் பட்ஜெட் எழுதுவதாக வாக்கு. நோட்டில் கணக்குகூடப் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு கதவு குறுக்கே வந்துவிட்டது.

டேவிட் லிஞ்சின் ‘இரேசர்ஹெட்’ படத்தில் வரும் கதவு. ஹென்றி என்ற நாயகன் தாழ்வாரத்தில் நடந்து வந்து, தன் அறைக் கதவின் குமிழைப் பிடித்துத் திருகுகிறான். அடுத்த ஷாட்டில் அறைக்குள் நுழைகிறான். அவ்வளவுதான். பார்க்கிற நமக்குக் கண் இமைக்கும் நேரம். ஆனால் குமிழைத் திருகிய ஷாட்டுக்கும் உள்ளே நுழைந்த ஷாட்டுக்கும் நடுவே ஒன்றரை வருடம் ஓடியிருந்தது என்று லிஞ்சே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கையில் காசு தீர்ந்து, படப்பிடிப்பு நின்று, மறுபடி கூடி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார்கள். ஹென்றி வெளியே நின்றது ஒரு வருடம். உள்ளே வந்தது வேறொரு வருடம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. படத்தை எடுத்துவைத்து, கதவு வருகிற இடங்களை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். தையல் தெரிகிறதா என்று தேடினேன். வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கதவைத்தானே தொறக்கிறான், அதுக்கா இவ்வளவு நேரம்?” என்றாள்.

அதே கேள்வியைத்தான் 1970களின் நடுவில் லிஞ்சின் கல்லூரியிலும் கேட்டிருப்பார்கள்.

ஆம், அது ஒரு மாணவர் படம். பலர் மறந்துவிடுகிற சங்கதி இது. நள்ளிரவுக் காட்சிகளாக ஓடிப் புகழ்பெற்ற அந்தப் படம் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் பயிற்சிக் கல்லூரியில், மாணவன் எடுக்கவேண்டிய சின்னப் படமாகத்தான் ஆரம்பித்தது. கல்லூரி இருந்த இடம் பெவர்லி ஹில்ஸில் கிரேஸ்டோன் என்கிற பங்களா. எண்ணெய்க் கிணறுகளில் பணம் பார்த்த டொஹீனி என்பவர் மகனுக்காகக் கட்டிய வீடு. 55 அறை. அந்த மகன் குடிவந்த சில மாதங்களிலேயே, 1929இல், அந்த வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டு இறந்துபோனார். (அது தனிக் கதை. கை அரிக்கிறது; கட்டிவைத்திருக்கிறேன்.) பங்களாவை ஒட்டிய குதிரை லாயங்கள் சும்மா கிடந்தன. லிஞ்ச் அவற்றைப் பிடித்துக்கொண்டார். நாயகன் அறை, தாழ்வாரம், வாசல், அத்தனையும் லாயத்துக்குள் போட்ட செட்.

லாயத்துக்கு வருமுன் அவர் கிட்டத்தட்டக் கல்லூரியை விட்டே போயிருந்தார். திட்டமிடல் என்று இந்தத் தொடரில் நான் ஆறு வாரமாகப் புலம்புவதெல்லாம் இந்த இடத்தில் வந்து முட்டுகிறது. ஓவியம் படித்த பையன் 1970இல் இரண்டு குறும்படங்களோடு அங்கே வந்து சேர்கிறான். வந்ததும் ‘கார்டன்பேக்’ என்று ஒரு திரைக்கதை எழுதுகிறான், தன் ஓவியம் ஒன்றிலிருந்து முளைத்த கதை. படித்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. கொஞ்சம் நீட்டினால் முழுப்படமாகுமே என்றார்கள். பாத்திரங்கள் இன்னும் பேசவேண்டும் என்றார்கள். அவனும் நீட்டினான், பேசவைத்தான். கடைசியில் பார்த்தால் அவன் எடுக்க விரும்பியது எதுவோ அது தாளில் இல்லை.

நம் ஊரில் இதற்குக் கதை டிஸ்கஷன் என்று பெயர். லாட்ஜ் ரூம், வடை, டீ, ஆளுக்கொரு சீன். மாலை ஆறு மணிக்குக் கதை சொன்னவனுக்கே தன் கதை அடையாளம் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால் டிஸ்கஷனில் பேட்டா உண்டு, கல்லூரியில் மதிப்பெண்தான்.

லிஞ்ச் வெறுத்துப்போய்க் கிளம்பிவிட்டார். அப்போது கல்லூரியின் டீனாக இருந்தவர் ஃபிராங்க் டேனியல், செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த திரைக்கதை ஆசிரியர். அவர் பையனைத் திரும்ப அழைத்து, சரி, நீ என்னதான் எடுக்க விரும்புகிறாய் என்று கேட்டார். ‘இரேசர்ஹெட்’ என்று பதில் வந்தது. எடு என்றார். மாணவனின் கதையைத் திருத்துவதற்கு ஆயிரம் வழி தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டார் பாருங்கள், அந்தத் தாடையை நான் கும்பிடுகிறேன்.

கொடுத்த தாள் 21 பக்கம். அங்கே பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது தட்டச்சு எழுத்தின் அளவு, ஓர இடைவெளி எல்லாம் பார்த்து வகுத்த கணக்கு. ஆக 21 நிமிடப் படம் என்று கல்லூரி நினைத்தது. இல்லை, கொஞ்சம் கூடும் என்றார் லிஞ்ச். ஏதோ பேசி 42 நிமிடம் என்று முடிவானது. கடைசியில் 1977 மார்ச் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸின் ஃபிலிமெக்ஸ் விழாவில் திரையிட்டார்கள். பிறகு அவரே வெட்டிச் சுருக்கி நமக்குக் கிடைத்த படம் 89 நிமிடம். பக்கத்துக்கு நாலு நிமிடத்துக்கு மேல்!

கணக்கு எங்கே பிசகியது? பேசுகிற பக்கம் ஒரு நிமிடத்தில் முடியும், அது உண்மை. ‘அவன் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்பது தாளில் ஒரு வரிதான். திரையில் அது எவ்வளவு நேரம் என்று எடுக்கிறவனுக்கு மட்டுமே தெரியும். நம் பக்கம் தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதுகிற பழைய வழக்கத்தில், மௌனமான காட்சியில் வலப்பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த வெள்ளையைப் பார்த்தால் புரொடக்‌ஷன் ஆட்களுக்குப் பயம் வரும். எனக்கு அந்தப் பயம் பிடிக்கும். குறும்படம் எழுதி அனுப்புகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பக்கத்தை எண்ணாதே, கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுக் காட்சியை நீயே நடந்து பார். கதவுவரை நட, திற, உள்ளே வா. எத்தனை விநாடி என்று எழுது. உட்கார்ந்து போட்ட கணக்கைவிட இரண்டு பங்காவது வரும்.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கணக்குத் தவறினால் உயிர் போகும். 35 எம்.எம். ஃபிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடி ரோலில் நாலரை நிமிடம்கூடத் தேறாது. பத்து நிமிடப் படத்துக்கு ஷாட்டுக்கு நாலு டேக் என்று வைத்தால் 3600 அடி, ஒன்பது ரோல். கல்லூரி ஐந்து ரோல் கொடுத்தால் கதையில் எதை வெட்டுவது என்று ரோலே சொல்லிவிடும். இதைப் பட்ஜெட் அத்தியாயத்துக்கு என்று வைத்திருந்தேன், இங்கேயே சிந்திவிட்டது. போகட்டும்.

1972 மே 29 அன்று ‘இரேசர்ஹெட்’ படப்பிடிப்பு ஆரம்பம். கல்லூரி கொடுத்தது 10,000 டாலர். சில வாரங்களில் முடித்துவிடுவோம் என்றுதான் நினைத்தார்கள். பணம் முதலில் தீர்ந்தது, பிறகு வருடங்கள். லிஞ்ச் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேப்பர் போடப் போனார். பணக்காரர்கள் படிக்கிற பேப்பரை வீடு வீடாக எறிந்துவிட்டு வந்து, அந்தக் கூலியில் படமெடுத்தார். உதவி இயக்குநர் வேலை தொடங்கி எடுபிடி வேலைவரை பார்த்த கேதரின் கூல்சன், ஓட்டலில் பரிமாறிச் சம்பாதித்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். பின்னாளில் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் கையில் மரக்கட்டையோடு வருவாரே, அந்த அம்மாள்தான். பால்ய நண்பர் ஜாக் ஃபிஸ்க்கும் அவர் மனைவியான நடிகை சிஸ்ஸி ஸ்பேசெக்கும் பணம் போட்டார்கள். ஒரு கட்டத்தில் லிஞ்ச் குடியிருக்க வீடில்லாமல் ஹென்றியின் அறை செட்டிலேயே படுத்துத் தூங்கினார்.

பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். என்னை அசரவைப்பது ஹென்றியின் தலைமுடி.

படத்தைப் பார்த்தவர்கள் அந்த முடியை மறந்திருக்கமாட்டார்கள். தலைக்கு மேல் இன்னொரு தலை உயரத்துக்கு எழும்பி நிற்கிற புதர். ஹென்றியாக நடித்தவர் ஜாக் நான்ஸ். படம் முடியும்வரை, வருடக்கணக்கில், அந்த முடியை அப்படியே வளர்த்துப் பாதுகாத்தார். யோசித்துப் பாருங்கள். கடைக்குப் போகிறார், பஸ்ஸில் ஏறுகிறார், வேறு வேலை தேடுகிறார், எல்லா இடத்துக்கும் ஹென்றியின் தலையைத்தான் கொண்டுபோக வேண்டும். எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது. வந்தால், ஒன்றரை வருடம் முன் குமிழைத் திருகியவன் அதே முடியோடு உள்ளே நுழைந்தாக வேண்டும். அப்போது அவருக்கு மனைவியாக இருந்தவர் அதே கேதரின் கூல்சன். வீட்டிலும் தொடர்ச்சி பார்க்க ஆள் இருந்தது என்று சொல்லலாம்.

எந்த மாணவன் போடும் பட்ஜெட்டிலும் முடி என்று ஒரு வரி கிடையாது. எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். பல வருடங்களுக்கு முன், ஒரு கல்லூரி டிப்ளமா படத்தில் கன்டினியூட்டி எழுதுகிற வேலை எனக்கு. பெயர்கள் வேண்டாம், எல்லோரும் இப்போது பெரிய மனிதர்கள். முதல் ஷெட்யூல் நாலு நாள். நாயகன் வீட்டு வாசல்வரை வந்து நிற்பதோடு முடிந்தது. உள்ளே நடப்பதெல்லாம் இரண்டாவது ஷெட்யூல், மூன்று வாரம் கழித்து. என் நோட்டில் எல்லாம் இருந்தது: சட்டையில் இரண்டாவது பட்டன் திறந்திருக்கிறது, இடது தோளில் பை, கைக்கடிகாரம் இல்லை, செருப்பில் சேறு. விடிகாலை ஐந்து மணிக்கு நாயகன் வந்து இறங்கினார். தலையில் சந்தனம். பழனியில் மொட்டை.

“அம்மாவோட வேண்டுதல் சார். தட்ட முடியல” என்றார்.

இயக்குநருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அதில் ‘முடி: நெற்றியில் விழுகிறது’ என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். கடைசியில் வீட்டுக்குள் வந்த நாயகன் முழுக்கத் தலையில் துண்டோடு இருந்தார், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி. வாசலில் நின்றவன் எப்போது குளித்தான் என்று தேர்வுக்குழுவில் ஒருவர் கேட்டாராம். இயக்குநர், அது குறியீடு என்று சொல்லித் தப்பினார்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ‘இரேசர்ஹெட்’டில் நடுவழியில் ஒளிப்பதிவாளரே மாறினார். ஹெர்பர்ட் கார்ட்வெல் பிழைப்புக்காக விலக, ஃபிரெடரிக் எல்ம்ஸ் வந்தார். கறுப்பு வெள்ளையில், இரவில், செட்டுக்குள் எடுத்ததால் பிழைத்தார்கள் என்பது என் கட்சி. வெயில் இருந்தால் நிழல் நகரும், நிழல் நகர்ந்தால் குட்டு வெளிப்படும். ராத்திரி எந்த வருடத்திலும் ராத்திரிதான். 2024இல் கான் விழாவின் மாணவர் படப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய புனே மாணவர் சிதானந்த நாயக்கின் 16 நிமிடக் கன்னடப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிழவி ஒருத்தி சேவலைத் திருடிவிட, ஊருக்குச் சூரியனே உதிக்காமல் போகிறது. எடுத்து முடிக்க நாலே நாள். கதையே சூரியனை வெளியே அனுப்பிவிட்டதே, நிழலைத் துரத்தவேண்டிய தொல்லை இல்லை. அதைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதவேண்டும்.

எல்ம்ஸ் பிறகு லிஞ்சின் ‘ப்ளூ வெல்வெட்’டுக்கும் ஒளிப்பதிவு செய்தார். டிப்ளமா படம் இயக்குநரைவிடக் கேமராக்காரருக்குத்தான் சீக்கிரம் சோறு போடும் என்று தோன்றுகிறது. மட்டக்களப்பிலிருந்து புனேவுக்குப் படிக்கப் போன பாலு மகேந்திராவின் டிப்ளமா படத்தைப் பார்த்துத்தான் ராமு காரியாட் அவருக்கு ‘நெல்லு’ படத்தின் ஒளிப்பதிவைக் கொடுத்தார். அந்தப் படம் 1974இல் வந்தது. ஒரு மாணவர் படத்தைத் தற்செயலாகப் பார்த்த ஒருவரின் கண்ணில் எத்தனை ‘மூன்றாம் பிறை’ இருந்திருக்கிறது!

ஆசிரியர் இரண்டு முறை அழைத்துவிட்டார். ஒலியைத் தொடாமல் இந்தப் படத்தை விடமுடியாது. ஆலன் ஸ்ப்லெட் என்ற மனிதர் அந்தக் கதவுக்குப் பின்னால் இடைவிடாமல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு சத்தத்தை வைத்திருக்கிறார். இரண்டு வெவ்வேறு வருடங்களை ஒட்டியது அந்தச் சத்தம்தானோ என்று எனக்குச் சந்தேகம். அடுத்த வாரம் அது. பட்ஜெட் அதற்கடுத்த வாரம்; நோட்டு பத்திரமாக இருக்கிறது. அதில் இன்று ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: நாயகன் வீட்டில் நேர்த்திக்கடன் ஏதும் பாக்கி உண்டா என்று அம்மாவிடம் நேரில் போய்க் கேட்கவும்.